நீலகிரியின் உச்சியும் ஓரங்களும்

(குன்னூரில் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒரு நாட்டின் மிக உயர்ந்த இடம் எது, அதன் வடகோடி எது, தென்கோடி எது என்று விசாரித்து, அங்கெல்லாம் நேரில் சென்று ஒரு நாழிகையாவது நின்றுவிட்டு வர வேண்டும் என்னும் ஆசை மனித சுபாவத்தில் மிகப் பழையது. வேங்கடத்தையும் குமரியையும் தன் எல்லைகளாகச் சொல்லிக்கொண்ட தமிழினத்துக்கு அந்த ஆசையின் பெருமையை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. குமரி முனையில் கால் நனைக்கும் யாத்திரிகர் கூட்டம் அதற்கு நித்திய சாட்சி. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், அந்த ஆசையை இந்த நீலகிரியில் எப்படி நிறைவேற்றிக்கொள்வது என்பதுதான். சமவெளியிலிருந்து வருகிற அன்பர்கள் உதகையில் இறங்கி, தொட்டபெட்டாவுக்கு வண்டி பிடித்து, அங்கே தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, நீலகிரியின் உயரத்தைக் கண்டுவிட்டோம் என்று திருப்தியோடு இறங்கிவிடுகிறார்கள். அவர்கள் கண்டது இம்மலையின் உயரத்தில் ஒரு சிறு பகுதியே என்பது என் அபிப்பிராயம். இம்மலையின் உயரம் அதன் உச்சியில் தெரிவதைக் காட்டிலும் அதன் ஓரங்களிலேதான் நன்றாகத் தெரிகிறது. அதற்குரிய காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

இந்து மகாசமுத்திரத்தில், மொரீஷியசுக்குத் தென்மேற்கே, ரெயூனியன் என்றொரு பிரெஞ்சுத் தீவு இருக்கிறது. 1848இல் அங்கே அடிமை முறை ஒழிக்கப்பட்ட பின்னர், கரும்புத் தோட்ட வேலைக்காகப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிப் போன நம் மக்கள் பல்லாயிரவர். அவர்களுடைய சந்ததியார் கட்டிய கோயில்களில் இன்றும் தீமிதித் திருவிழா நடக்கிறது. அந்தத் தீவின் விஸ்தீரணம் 2,512 சதுர கிலோமீட்டர். நமது நீலகிரி மாவட்டத்தின் விஸ்தீரணமும் ஏறத்தாழ அவ்வளவுதான். அங்கே இன்றும் அடிக்கடி நெருப்பைக் கக்குகிற பிதோன் தெ லா ஃபூர்னேஸ் என்னும் எரிமலையின் உயரம் 2,632 மீட்டர். நம் தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். பரப்பில் ஒத்து, உயரத்திலும் இவ்வளவு நெருங்கி நிற்கிற இரண்டு மலைநாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு பூகோள சாஸ்திரத்தில் எளிதில் கிடைக்காது.

அந்தத் தீவு கடலடியிலிருந்து அக்கினிக் குழம்பு எழும்பி எழும்பி, ஒன்றன்மேல் ஒன்றாக இறுகி உண்டானது. அங்கே சிகரம்தான் பிறப்பிடம். 3,070 மீட்டர் உயரமுள்ள பிதோன் தே நேழ் என்னும் அவிந்துபோன எரிமலையின் உச்சியை நோக்கி ஒருவன் ஏறுகிறான் என்றால், அவன் அத்தீவு பிறந்த வாசலை நோக்கியே ஏறுகிறான். ஆகவே அங்கே உச்சி யாத்திரைக்கு முழுப் பொருள் உண்டு. அங்கே எல்லைகளும் உயிருள்ளவை. 1986இல் மலையிலிருந்து வழிந்த லாவா கடலில் விழுந்து இறுகி, தீவின் கரையைச் சில இடங்களில் வெளியே தள்ளி வைத்தது. 2007இலும் அவ்வாறே நிகழ்ந்தது. தேசப்படம் வரைகிறவன் பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதுக்கோடு போட வேண்டியதாயிற்று.

நம்முடைய மலையோ நெருப்பு கக்கிப் பிறந்தது அன்று. சுவர்போல் செங்குத்தாக நிற்கிற இதன் சரிவுகளைக் கீழிருந்து பார்க்கிறவர்கள் சிலர் இதுவும் ஒரு காலத்தில் எரிமலையாக இருந்திருக்கலாம் என்று எண்ணுவதுண்டு; அதற்கு ஆதாரம் இல்லை. இதன் உடலாக அமைந்தது சார்னோக்கைட் என்னும் பாறை. அப்பெயர் வந்த வரலாறே ரசமானது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவருடைய சமாதியின்மேல் வைத்த கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து என்னும் புவியியலார், சென்னைக்கருகே பல்லாவரத்துப் பரங்கிமலைப் பக்கத்தில் கிடைக்கும் பாறையே அது என்று கண்டு, சார்னாக்கின் பெயரையே 1893இல் அந்தப் பாறைக்கு இட்டார். பல்லாவரத்துக் குன்றும் தொட்டபெட்டாவும் ஒரே பாறைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் மேற்பரப்பிலிருந்து பல கிலோமீட்டர் ஆழத்தில், மிகுந்த அழுத்தத்திலும் உஷ்ணத்திலும் வெந்து உருமாறிய கல் இது. வடக்கே மோயாறும் தெற்கே பவானியும் ஓடுகிற பள்ளத்தாக்குகள் பூமியின் மிகப் பழைய பிளவு மண்டலங்களின் மேலேயே அமைந்திருக்கின்றன. அவற்றுக்கு நடுவில் ஒரு பெரும் பாறைக் கட்டி அப்படியே மேலே தூக்கி நிறுத்தப்பட்டது என்று புவியியலார் பலர் கருதுகின்றனர். அவ்வாறு எழுந்து நின்ற மேடையை மழையும் காற்றும் யுகயுகமாக அரித்தன; அரித்தது போக மிஞ்சியவையே இங்குள்ள சிகரங்கள். இம்மலை மலையாக நிற்பது அதன் ஓரங்களால். ஓரத்துக்குச் சென்றவனுக்கே இந்த மேடையின் கனபரிமாணம் கண்ணுக்கு அகப்படும்.

கணக்கைப் பாருங்கள். உதகை ரயில் நிலையம் கடல்மட்டத்துக்கு 2,203 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தொட்டபெட்டாவின் தலை 434 மீட்டர்தான் மேலே. குன்னூருக்குத் தெற்கே பக்காசூரன் மலையில், திப்பு சுல்தான் காலத்தில் காவலிருந்ததாகச் சொல்லப்படும் பாழடைந்த கோட்டை நிற்கிறதே, அது கடல்மட்டத்துக்குச் சுமார் 6,000 அடி உயரத்தில்தான் இருக்கிறது. தொட்டபெட்டாவைவிட எவ்வளவோ தாழ்ந்தது. ஆனால் அந்த இடிந்த சுவரருகே நின்று கீழே பார்த்தால், மேட்டுப்பாளையச் சமவெளி ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழத்தில் விரிந்து கிடக்கிறது. கடல்மட்டத்திலிருந்து அளக்கும் உயரம் ஏட்டில் எழுதுவதற்கு உரியது. காலடியிலிருந்து அளக்கும் உயரமே கண்ணுக்கு உரியது. உலகம் முழுவதிலும் இந்தச் சிக்கல் உண்டு. ஹவாய்த் தீவின் மௌனா கீ எரிமலை கடல்மட்டத்துக்கு 4,207 மீட்டர்தான். ஆனால் கடலுக்கடியில் உள்ள அதன் பாதத்திலிருந்து அளந்தால் பத்தாயிரம் மீட்டருக்கு மேல் வந்து, எவரெஸ்டையும் விஞ்சிவிடுகிறது.

இப்படிச் சொல்வதனால் தொட்டபெட்டாவை நான் இழிவாகப் பேசுகிறேன் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரம் அது. தென்னிந்தியாவில் அதைவிட உயர்ந்தவை மிகச் சில. 1847, 1848ஆம் ஆண்டுகளிலேயே சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் டி. ஜி. டெய்லரின் மேற்பார்வையில் அங்கே ஒரு பங்களாவில் ஆட்களை வைத்து, காற்றின் அழுத்தத்தையும் குளிரையும் மழையையும் முறையாகக் குறித்து, அக்குறிப்புகளை நூலாகவே வெளியிட்டார்கள். மின்விளக்கு இல்லாத காலத்தில், மேகம் சூழ்ந்த அந்தத் தலையில், உஷ்ணமானியைப் பார்க்க இரவில் லாந்தரோடு எழுந்து சென்ற அந்தப் பெயர் தெரியாத மனிதர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் அந்தச் சிகரத்தைப் பற்றிப் பரவலாக நிலவும் ஒரு நம்பிக்கையைத் திருத்த வேண்டும். உயரமான இடமாதலால் அதுவே மிகக் குளிரான இடமாகவும் இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறோம். மார்கழி, தை மாதங்களில் காற்று அசையாத தெளிந்த இரவு ஒன்றில் நடப்பது வேறு. தரையின் உஷ்ணம் ஆகாயத்துக்குப் போய்விட, குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. அதனால் உறைபனி முதலில் விழுவது காந்தளிலும் தலைகுந்தாவிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும் தாவரவியல் பூங்காவின் புல்வெளியிலும். பள்ளத்திலுள்ள தேயிலைத் தோட்டக்காரர் தாகைச் செடிகளை வெட்டிவந்து கொழுந்தின்மேல் மூடிவைத்தும், விடிந்ததும் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்தும் பாடுபடுகிறார். அதே காலை நேரத்தில் மேட்டு நிலத்துத் தோட்டத்தில் ஓர் இலைகூடக் கருகுவதில்லை.

இனி ஓரங்களுக்கு வருகிறேன். கிழக்கு ஓரத்தில் முதலில் சொல்ல வேண்டியது கோடநாடு. கோத்தகிரியிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கூடே செல்கிற சாலை அங்கே வந்து திடீரென்று முடிந்துபோகிறது. அதற்கு அப்பால் நாலாயிரம் அடிக்கு மேல் ஆழமான வெளி. கீழே மோயாறு ஒரு வெள்ளிக் கோடாக வளைந்து ஓடுகிறது. அதன் கரையில் தெங்குமரஹாடா என்னும் ஊரின் வயல்கள் பச்சைச் சதுரங்களாகத் தெரிகின்றன. தொலைவில் பவானிசாகர் நீர்த்தேக்கம் பளபளக்கிறது. அந்த நீருக்கடியிலே டணாயக்கன்கோட்டை மூழ்கிக் கிடக்கிறது. 1812இல் கீஸ் என்னும் நில அளவையாளரும் அவருடைய உதவியாளர் மக்மகானும் இம்மலையை அளக்க ஏறியது அந்தக் கோட்டையிலிருந்துதான். ஏழாண்டுகள் கழித்து, 1819இல், கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சலிவன் மேலே வந்தார். கோத்தகிரிக்கருகே கன்னேரிமுக்கில் அவர் தங்கிய வீட்டைப் பழுதுபார்த்து இன்றும் பேணுகிறார்கள். அவர்களெல்லோரும் இம்மலையை முதலில் அறிந்தது அதன் கிழக்கு ஓரத்தை முழங்காலில் கைவைத்து ஏறித்தான் என்பதை உதகைக்குக் காரில் வருகிற நாம் மறந்துவிட்டோம். கோடநாட்டிலிருந்து பார்க்கும்போது, மலையிலிருந்து விலகித் தன்னந்தனியே நிற்கும் ரங்கசாமித் தூணும் அதற்கருகே ரங்கசாமி சிகரமும் கண்ணில் படும். 1,785 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தில் இருளர் பூசை செய்ய, படகரும் சமவெளி மக்களும் மலையேறி வழிபடுகிறார்கள். மாவட்டத்தின் உச்சியில் இல்லாத தெய்வத்தை மாவட்டத்தின் ஓரத்தில் வைத்துக் கும்பிட்ட நம் முன்னோர்கள், மலையின் இயல்பை அறிந்தே அவ்விடத்தைத் தேர்ந்தார்கள் என்று நான் நம்புகிறேன்.

தெற்கு ஓரம் குன்னூர்க்காரர்களாகிய உங்களுக்குச் சொந்த வீட்டுத் திண்ணை. லாம்ஸ் ராக்கிலே பாறை விளிம்பில் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, ஒரு பருந்தைக் கவனியுங்கள். எங்கும் நாம் பருந்தின் வயிற்றைத்தான் பார்க்கிறோம். அங்கே அதன் முதுகைப் பார்க்கலாம். இறக்கையின் மேற்புறத்து இறகுகள் ஒவ்வொன்றும் காற்றுக்கேற்ப விரிந்து மடிவதும், பள்ளத்திலிருந்து எழும் வெதுவெதுப்பான காற்றில் அது ஒரு முறைகூடச் சிறகடிக்காமல் நம் கண்ணுக்கு நேரே ஏறிவந்து, தலைக்கு மேலே போய்விடுவதும் தெளிவாகத் தெரியும். அந்தக் காற்றோடு பருந்து மட்டுமா வருகிறது? முற்பகல் முடிவதற்குள் மேகமும் அதே வழியே ஏறிவந்து விளிம்பைத் தாண்டித் தேயிலைச் செடிகளின்மேல் படிகிறது. கொழுந்து எடுக்கும் பெண்கள் முதுகுக் கூடையோடு அந்த வெண்மைக்குள் மறைந்து, பேச்சுச் சத்தம் மட்டும் கேட்க, மறுபடி வெளிப்படுவார்கள். இந்தப் பெண்களின் கால்களே இம்மலையின் சரிவை உண்மையில் அளந்தவை என்று தயக்கமில்லாமல் சொல்வேன்.

நீலகிரி மலை ரயிலும் இந்தத் தெற்கு ஓரத்தையே ஏறுகிறது. மேட்டுப்பாளையம் 326 மீட்டர். உதகை 2,203 மீட்டர். தூரம் 46 கிலோமீட்டர். ஆனால் கல்லாறிலிருந்து குன்னூர் வரையில்தான் தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் பதித்திருக்கிறார்கள். பன்னிரண்டடிக்கு ஓரடி என்ற அளவில் ஏற்றம் நிமிர்கிற இடங்களில் எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கடித்துக் கடித்து ஏற வேண்டும். குன்னூரைத் தாண்டிவிட்டால் அந்தச் சட்டத்துக்கு வேலையில்லை. ஓரம் எங்கே முடிந்தது, மேடை எங்கே தொடங்கிற்று என்பதை அந்த ரயில் பாதை இரும்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. குன்னூர் வரைக்கும் 1899இலும், உதகை வரைக்கும் 1908இலும் வண்டி ஓடத் தொடங்கியது. 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அதை ஏற்றது.

வடக்கு ஓரம் வேறு உலகம். தலைகுந்தாவிலிருந்து கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால், சோலையும் புல்வெளியும் போய், உயரம் குறையக் குறைய மரங்கள் உலர்ந்து, மசினகுடிக்கு வருவதற்குள் முட்புதரும் யானையும் உள்ள மழைமறைவுப் பிரதேசத்துக்கு வந்துவிடுகிறோம். இந்த ஓரத்தின் உயரத்தைக் கண்ணால் கண்டு ஆனந்தப்பட்டதோடு நில்லாமல், அதைக் கருவியாக்கிக்கொண்டவர்கள் பைக்காரா மின்திட்டத்தின் பொறியாளர்கள். பைக்காரா ஆற்று நீரை கிளன்மார்கனிலிருந்து குழாய்களில் சுமார் 3,000 அடி கீழே சிங்காராவுக்கு விழச்செய்து, 1932இல் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். கோயம்புத்தூரின் பஞ்சாலைகள் பெருகியதில் அந்த வீழ்ச்சிக்குப் பெரும் பங்குண்டு. கோவை நகரத்தின் செல்வத்தில் ஒரு பகுதி நீலகிரி ஓரத்தின் செங்குத்திலிருந்து வந்தது என்பதை அந்நகரத்து நண்பர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

மேற்கு ஓரம்தான் எல்லாவற்றிலும் கம்பீரமானது. அதிகம் பேர் காணாததும் அதுவே. முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள், வனத்துறையின் அனுமதியோடு மட்டுமே அணுகக்கூடிய அந்தப் பிரதேசத்தில் கோலாரிபெட்டா நிற்கிறது. தொட்டபெட்டாவைவிடச் சில மீட்டர்களே தாழ்ந்த சிகரம் அது. அந்தச் சில மீட்டர் குறைந்ததனால் சாலையும் கடையும் கூட்டமும் அதற்கு வாய்க்காமல் போயின. அதை அதன் பாக்கியமாகவே நான் கருதுகிறேன். 2,554 மீட்டர் உயரமுள்ள முக்கூர்த்திச் சிகரம் கிழக்குப் பக்கம் புல் போர்த்திய சாதாரணச் சரிவாகத் தோன்றும். மேற்குப் பக்கம் அப்படியே வெட்டுண்டு, கேரளத்துக் காடுகளை நோக்கிச் செங்குத்தாக வீழ்கிறது. இறந்தவர்களின் உலகம் மேற்கே இருக்கிறதென்பது தோடர்களின் நம்பிக்கை. அவர்கள் கண்ட உலகம் கண்ணெதிரே முடிகிற இடமல்லவா அது! செங்குத்தான அப்பாறை முகங்களிலேதான் தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய வரையாடு தன் குட்டியோடு நிதானமாக நடக்கிறது. தென்மேற்குப் பருவக் காற்று முதலில் மோதுவதும் இந்தச் சுவரில்தான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை அது. இம்மலையின் தென்மேற்கு மூலையில் உள்ள சிஸ்பாரா கணவாய் வழியே கோழிக்கோட்டுப் பக்கத்துக்கு 1830களில் ஒரு பாதை போட்டார்கள். காடும் காய்ச்சலும் மழையும் அதை மீட்டுக்கொண்டன.

இவ்வாறு நான்கு பக்கமும் வீழ்ந்து நிற்பதனாலேயே இந்த மேடை, கடலில்லாவிட்டாலும், ஒரு தீவாகவே இருக்கிறது. இங்குள்ள சோலைகளில் சிரித்துக் கூவுகிற நீலகிரிச் சிரிப்பான் என்னும் பறவை, உயர்ந்த இடத்துக் குளிர்ச்சியை விட்டு இறங்கிப் பாலக்காட்டுக் கணவாயின் வெப்பத்தைத் தாண்டிப் போகாது. பழனி மலையிலும் ஆனைமலையிலும் உள்ள அதன் உறவினம் தனியே வளர்ந்து வேறு பறவையாகவே ஆகிவிட்டது. தொட்டபெட்டாச் சரிவில் செந்நிறமாகப் பூக்கிற காட்டுப் பூவரசுக்கு நெருங்கிய சொந்தம் இமயத்தில் இருக்கிறது; நடுவில் கிடக்கிற ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட தாழ்நிலம் அந்த மரத்துக்கு ஒரு சமுத்திரம்.

ஒன்று மட்டும் இடையே சொல்லிவிட்டுப் போகிறேன். உதகைக்கருகே முத்தோரையில் உள்ள வானொலித் தொலைநோக்கியைப் பார்த்திருப்பீர்கள். 530 மீட்டர் நீளமுள்ள அந்தக் கருவியை கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் விஞ்ஞானிகள் 1970இல் செயல்பட வைத்தார்கள். இந்த இடம் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11 பாகையில் இருக்கிறது. வடக்கு தெற்காக 11 பாகை சரிந்த ஒரு குன்றைத் தேடிக் கண்டுபிடித்து அதன்மேல் கருவியை நிறுவினார்கள். அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்து, ஒரே திருகலில் ஒரு நட்சத்திரத்தை மணிக்கணக்கில் தொடர முடிகிறது. சிகரத்தை நாடாமல் சரிவைத் தேடிச் சென்ற அறிவுக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் நான் அறியேன்.

ரெயூனியனின் கரை லாவாவால் வளர்கிறது என்று சொன்னேன். நமது ஓரம் தேய்கிறது. 1978 நவம்பரிலும் 2009 நவம்பரிலும் குன்னூர், கோத்தகிரி, உதகைப் பக்கங்களில் நேர்ந்த மண்சரிவுகளில் வீடுகளும் உயிர்களும் போயின. அந்தத் துயரத்தை அனுபவித்த குடும்பங்கள் இக்கூட்டத்திலும் இருக்கக் கூடும். ஓரம் என்பது வேடிக்கை பார்க்கும் இடம் மட்டுமாக இருந்தால் அதைப் பற்றி இத்தனை நேரம் நான் பேசியிருக்க மாட்டேன். சரிவில் வீடு கட்டுகிறவரும், மரத்தை வெட்டுகிறவரும், ஓடையை அடைத்துச் சாலை போடுகிறவரும் முதலில் அந்தச் சரிவை நன்றாக அறிந்திருக்க வேண்டும். அதைப் பள்ளிப் பருவத்திலேயே அறியத் தொடங்குவது நல்லது.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தை மாதத்தில் தெளிவான ஒரு நாளைத் தேர்ந்து, விடியுமுன் மாணவர்களைத் தலைகுந்தாப் பள்ளத்துக்கு அழைத்துச் சென்று, உறைபனி படிந்த புல்லின்மேல் உஷ்ணமானியை வைத்துக் குறிக்கச் செய்யுங்கள். அங்கிருந்து நேரே தொட்டபெட்டாவுக்கு ஏறி மறுபடி குறித்துக்கொள்ளட்டும். பிறகு கல்லட்டி வழியே மசினகுடிக்கு இறங்கி, நண்பகலில் மூன்றாம் முறை குறிக்கட்டும். ஒரு பேருந்துக்கும் ஓர் உஷ்ணமானிக்கும் ஆகிற செலவுதான். முதல் இரண்டு எண்களில் எது தாழ்ந்தது என்று பேருந்து புறப்படுவதற்கு முன்பே ஒவ்வொரு மாணவனிடமும் மாணவியிடமும் கேட்டு, அவர்கள் சொல்லும் விடையைத் தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.